இங்கே வேவு மென்பொருள் போட்டுத் தரப்படாது

கணினி பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் இயந்திரம் கெட்டிருக்கும். மீதிப் பேருக்கு இயந்திரம் நன்றாகவே இருக்கும், வீட்டில் ஏதோ கெட்டிருக்கும்.

பீடோங் என்ற சிற்றூரில், பேருந்துகள் வந்து நிற்கும் இடத்துக்குப் பின்வரிசையில் என் கடை இருக்கிறது. கணினி, மடிக்கணினி, கைப்பேசி எல்லாம் பார்ப்போம். 'பார்ப்போம்' என்றால் நானும் கோகிலாவும். கோகிலவாணி என்று முழுப்பெயர் சொன்னால் அவள் அம்மாவே ஒரு கணம் யோசிப்பார். பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறாள். முப்பதைத் தாண்டியவள். என்னைவிட வேலை சுத்தம். வாயும் என்னைவிட நீளம். நான் ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் திருகாணி தெரிவதில்லை. ஆகவே கடை அவள் கையில்தான் ஓடுகிறது.

என்னைப் போல அடுத்தவர் கைப்பேசியைக் கையில் வாங்கிப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. கணவனுடையதை மனைவி பார்க்க வேண்டும், மகளுடையதை அப்பா பார்க்க வேண்டும், ஆனால் பார்ப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. இந்தப் பாட்டை நீங்களும் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருப்பீர்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு கல்யாணத்தைப் பற்றி. கோகிலாவின் கல்யாணம். அது நடக்குமா நடக்காதா என்பதில் என் வாய்க்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. அதை மட்டும் தனியாகச் சொன்னால் என் பக்கத்து நியாயம் புரியாது. எனவே மற்றவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

விளம்பரம்

தொல்லை தாங்காமல் ஒரு நாள் அறிவிப்பு ஒன்று ஒட்டினோம். 'பிறர் போனில் இங்கே வேவு மென்பொருள் போட்டுத் தரப்படாது.' தமிழில் கோகிலா எழுதினாள். மலாயில் முன்னால் நாசி லெமாக் சோறு விற்கும் அக்காவின் மகள் எழுதிக் கொடுத்தாள். சிவப்பு எழுத்து, பெரிய தாள், கதவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம். இனி நிம்மதி என்று நினைத்தேன்.

அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதே அதுவரை பாதிப் பேருக்குத் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சார்ஜர் வாங்க வந்தவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு யோசனையோடு நின்றார்கள். லாரி ஓட்டும் ஓர் ஆள் இரண்டு முறை படித்தார். வெளியே போனார். ஒரு சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அப்ப உங்களுக்குப் போடத் தெரியும்லா, பாஸ்?"

கோயில் கணினி

தோட்டத்து அம்மன் கோயில் தலைவர் வந்தார். அர்ச்சனைச் சீட்டு அடிப்பதற்கும் உபயக்காரர் பெயர்களை வைத்திருப்பதற்கும் கோயில் அலுவலகத்தில் ஒரு கணினி உண்டு. நாங்கள் போட்டுக் கொடுத்ததுதான். கமிட்டியில் பேசுவதெல்லாம் கூட்டம் கலையும் முன்பே வெளியே போய்விடுகிறதாம். செயலாளர்தான் அனுப்புகிறார் என்று தலைவருக்குச் சந்தேகம். அவர் என்ன தட்டுகிறார், யாருக்கு அனுப்புகிறார் என்பது தலைவர் வீட்டில் தெரிய வேண்டும். "கோயில் நல்லதுக்குத்தான் தம்பி, எனக்காக இல்ல" என்றார்.

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் செயலாளர் வந்தார். கமிட்டியில் பேசுவதெல்லாம் வெளியே போகிறது, தலைவர்தான் அனுப்புகிறார், அவர் வீட்டுக் கணினியில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அவரும் கோயில் நல்லதுக்குத்தான் கேட்டார். இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. திருவிழாவில் தேருக்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்து நடக்கிறவர்கள் இவர்கள்.

தலைவர் மனம் ஆறாமல் இன்னொரு தடவை வந்தார். கோகிலா உள்ளேயிருந்து தலையை நீட்டி, "ஏன் தலைவரே, சாமி எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "பாக்குது தாயி, நல்லாப் பாக்குது. ரிப்போர்ட்டுதான் குடுக்க மாட்டேங்குது."

கூழுக்குக் கவலைப்படும் மகன்

குருணில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவர் இவர். பெயர் வேண்டாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் கெட்டுப் போகிறான் என்று நினைத்து, அவன் கைப்பேசிக்குள் ஏதாவது போடச் சொல்லி என்னிடம் கேட்டார். மறுத்தேன். சுங்கை பட்டாணியில் யாரிடமோ கொடுத்துப் போட்டுக்கொண்டார். மறுப்பதில் இதுதான் வேதனை. நான் மறுத்ததால் எதுவும் நடக்காமல் இருந்ததில்லை. ஆள் பெட்ரோல் செலவு செய்து இன்னும் கொஞ்சம் தூரம் போவார், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து, மென்பொருள் கெட்டுவிட்டது என்று என்னிடமே வந்து நின்றார். "என் பையன் எழுதுறதுதான் வருது, ஆனா அவன் எழுதுற மாதிரி இல்லண்ணே. ஆடிக் கூழுக்குக் கேவுரு மாவு பத்துமான்னு கேக்கிறான். மோர் யார் கொண்டாறதுன்னு சண்டை போடுறான். அம்மன் படத்தை அனுப்பிக் காலை வணக்கம் சொல்றான்." கோகிலா அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். நம் வீடுகளில் உடுப்பு பெரியவனிடமிருந்து சின்னவனுக்கு இறங்கும். கைப்பேசி மட்டும் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு ஏறும். மகன் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறான். அந்த வீட்டில் யார் கையில் எந்தக் கைப்பேசி இருக்கிறது என்பதைக்கூட இவர் கவனித்ததில்லை. இரண்டு மாதமாக, மகன் என்று நினைத்து மனைவியைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கோகிலா அதைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு கைப்பேசியைத் திரும்ப வாங்கி, அங்கேயே நின்றபடி மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். நெடுநேரம் தள்ளினார். நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்பது போல இருந்தோம். மனைவி யாருக்கும் தெரியாமல் ஏதாவது எழுதியிருப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார். "ரெண்டு மாசத்துப் பேச்சுண்ணே. ஒரு எடத்துலகூட நான் இல்ல. திட்டக்கூட இல்ல."

தே தாரேக் குடித்த மடிக்கணினி

சரவணனை நாங்கள் முதலில் பார்த்தது, அவன் தே தாரேக் தேநீரைக் கொட்டிய மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரித் தூக்கி வந்தபோது. வீடு பெண்டாங்கில், வேலை குருணில். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. விசைப்பலகை முழுக்கச் சீனிப்பால் பிசுபிசுத்தது. கோகிலா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏங்க, நீங்க பசியாறினா சரி, இதுக்கும் ஏன் ஊத்திக் குடுத்தீங்க?" என்றாள். அவன் துண்டால் விசைப்பலகையை இன்னும் அழுத்தித் துடைத்தான். காது சிவந்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு வராத கோளாறே இல்லை. சுட்டி நகரவில்லை என்று வருவான். இங்கே வந்ததும் நகரும். சத்தம் கேட்கவில்லை என்பான். ஒலியைக் குறைத்து வைத்திருப்பான். பெண்டாங்கிலும் கடை இருக்கிறது, குருணிலும் இருக்கிறது. அவன் பீடோங்குக்குத்தான் வருவான். எனக்குப் புரிந்தது. நான் பின்பக்கம் போய் எதையாவது தேட ஆரம்பித்தேன். சில மாதங்கள் போன பிறகு ஒரு நாள் அவன் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி, வீட்டுப் பெரியவர்களை கோகிலா வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டான். அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான் என்றான்.

கோகிலாவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் வந்து, ஜாதகம் சரியில்லை என்று போயிருக்கின்றன. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் அம்மா என் மனைவியிடம் அழுததால் எனக்குத் தெரியும். எனவே நான் பயந்து பயந்துதான் அவளிடம் பேச்செடுத்தேன். உனக்குச் சம்மதமா, அவனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "பிடிச்சிருக்குண்ணே. இதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டீங்க, நாளைக்கு எனக்கு லீவு."

பேட்டரி

பெண்டாங் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சு நல்லபடியாக நடந்துகொண்டிருந்த அந்த நாள்களில் நடந்தது இது. தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். கைப்பேசியில் பேட்டரி நிற்கவில்லை, பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் செத்துவிடுகிறது என்றாள். கோகிலா பிரித்துப் பார்த்தாள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு மென்பொருள் மறைந்திருந்து, அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதையெல்லாம் ஓயாமல் வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்புவதிலேயே பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

இதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது? டாக்டர்களுக்காவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கோகிலா அவளைப் பின்பக்கம் கூட்டிப் போய், உட்கார வைத்து, மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் அதிரவில்லை. புருசன்தான் என்றாள், ஏதோ சீதோஷ்ணம் சொல்வது போல. "இப்பவே எடுத்துர்றேன்" என்று கோகிலா விரலை வைத்தபோதுதான் அவள் பதறி அந்தக் கையைப் பிடித்தாள். "அதை எடுக்காதக்கா, எடுத்தா அதுவும் அவருக்குத் தெரிஞ்சிரும். பேட்டரி மட்டும் வேலை முடியிற வரைக்கும் நிக்கிற மாதிரி பண்ணிக் குடு. போன் செத்துச்சுன்னா வீட்டுல நான்தான் பதில் சொல்லணும்."

தாய்மாமா

சரவணனின் தாய்மாமா கடைக்கு வந்த அன்று கோகிலா இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அவள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவர் வந்தார் என்று இப்போது தோன்றுகிறது. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, திருநீறு, கையில் ஒரு பை மாம்பழம். நான் முன்கடையிலிருந்து தேநீர் வரவழைத்தேன். கோயில், மழை, செம்பனை விலை என்று எல்லாம் பேசினோம். பிறகு, "பொண்ணு எப்படி தம்பி?" என்று கேட்டார். தங்கமான பெண், இத்தனை வருடமாக என் சாவி அவளிடம்தான் இருக்கிறது என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லித்தானே ஆகணும்" என்று சிரித்தார்.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைக் கணினியில் அவள் வாட்ஸ்அப் திறந்திருக்கும்தானே, சும்மா ஒரு பார்வை பார்க்கலாமா என்றார். உங்கள் கடை, உங்கள் கணினி, இதில் திருட்டு என்ன இருக்கிறது என்றார். எனக்குள் அந்தச் சிவப்பெழுத்து அறிவிப்பு எழுந்து நின்றது. அதைப் பார்க்க விடமாட்டேன் என்றேன். சரி, பார்க்க வேண்டாம், நீங்கள் பார்த்ததையாவது சொல்லுங்கள் என்றார். நான் பார்ப்பதில்லை, பார்த்திருந்தாலும் சொல்லமாட்டேன் என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். கோயில் தலைவர், குருண்காரர், பேட்டரிப் பெண்ணின் புருசன் என்று எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டது போல நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் வாதாடவில்லை. என்னை ஒரு கணம் கனிவாகப் பார்த்தார். உண்மையாகவே கனிவாகத்தான் பார்த்தார். மிச்சமிருந்த தேநீரைக் குடித்துவிட்டு, மாம்பழப் பையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "போதும் தம்பி. உங்க நெலம எனக்குப் புரியுது."

என் பேச்சுக்கு அர்த்தம்

பெண்டாங்கிலிருந்து பேச்சு நின்றது. பரிசத்துக்கு நாள் பார்க்கிறோம் என்றவர்கள் நாள் சொல்லவில்லை. கோகிலாவின் அம்மா ஆள் விட்டுக் கேட்டபோது, "கடைக்காரரே சொல்ல மாட்டேன்னுட்டாராமே" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்னா சொன்னீங்க? நம்ம ஆளுங்ககிட்டயா?" என்றாள்.

எனக்குத் தெரியாததா? பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் நம்மில் யாரும் நேராகக் குறை சொல்வதில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நம் வாயால் கெடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். 'எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லைங்க' என்போம், 'நான் சொல்ல ஒண்ணுமில்லைங்க' என்போம், தேநீர் கொடுத்து அனுப்புவோம். வந்தவர்கள் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். என் அக்கா மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி நானே இப்படிக் கேட்டு, இப்படியே புரிந்துகொண்டு திரும்பியிருக்கிறேன். கடையில் நான் அவளுடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றினேன். நாற்காலியில் இருந்தவருக்கோ, ஒரு நல்ல மனிதர் வாய்விட்டுச் சொல்ல முடியாத எதையோ மறைக்கிறார் என்று கேட்டிருக்கிறது. அந்தக் கனிவு என்மேல்தான். இப்படி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டு நான் படும் பாட்டுக்கு.

மறுநாளே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஐயா, தவறாகப் புரிந்துகொண்டீர்கள், அவளிடம் மறைக்க ஒன்றுமே இல்லை, நான் பார்க்கவும் இல்லை, பார்க்கவும் தேவையில்லை என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது மழுப்பல் மாதிரிக் கேட்டது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அன்னிக்கு மாட்டேன்னீங்க. இன்னிக்கு யாரு தம்பி இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது?"

அவள் கைப்பேசி

சரவணன் வந்தான். உள்ளே வரவில்லை. மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கோகிலா வெளியே போய்ப் பேசினாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவன் பேசினான், இவள் கேட்டாள். திரும்பி வந்து விஷயத்தை என்னிடம் சொன்னாள். அவனுக்குச் சந்தேகமே இல்லையாம். அம்மாதான் விடாமல் புலம்புகிறாராம். வேவு மென்பொருள் ஒன்றை அவளே தன் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, பரிசம் வரைக்கும் அம்மா பார்க்கிற மாதிரி விட்டால், அம்மா மனம் ஆறிவிடும், பிறகு எடுத்துவிடலாம். அவன் வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த திருகாணிகள் சிதறின. இப்படிப்பட்ட ஒருவன் வேண்டுமா உனக்கு என்று கேட்டேன். அவள் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கி, அளவுவாரியாகப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "வேணும்ணே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் என்ன பேசுவது? அவளுக்காகப் பேசாமல் இருந்தே இவ்வளவு தூரம் கொண்டு வந்துவிட்டவன் நான்.

தன் இடத்தில் உட்கார்ந்து அவளே போட்டாள். வாடிக்கையாளர் கைப்பேசிக்குச் செய்வது போலவே, அவசரமில்லாமல், ஒவ்வொரு அனுமதியையும் சரிபார்த்து. எத்தனை பேரிடமிருந்து இதைத் தேடிப் பிடித்து எடுத்த விரல்கள் அவை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நம் அறிவிப்பையாவது மதித்து இதைச் செய்யாதே என்றேன். பலவீனமான வாதம் என்று எனக்கே தெரிந்தது. அவள் சுவரைத் திரும்பிப் பார்த்து, தான் எழுதியதைத் தானே ஒரு முறை படித்தாள். "பிறர் போன்லதானே போட மாட்டோம்னு இருக்கு. இது என் போனுண்ணே."

ஒன்றுமில்லை

பெண்டாங்கில் இருந்த அந்த அம்மா அடுத்த சில வாரங்களில் என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெங்காயம் வாங்கி வா என்று கோகிலாவின் அம்மா அனுப்பியதைப் பார்த்திருப்பார். திரை அனுப்பியாகிவிட்டது, பேட்டரி நாளை வரும் என்று சாமான் கொடுக்கும் சீனர் அனுப்பியதைப் பார்த்திருப்பார். கடையைத் திறந்துவிட்டாயா, பசியாறினாயா என்று நான் கேட்டதையும், தன் மகனே அனுப்பிய இதயங்களையும் பார்த்திருப்பார். கோகிலாவோ அந்த நாள்களில் கைப்பேசியைத் தொடவே யோசித்தாள். பள்ளித் தோழி ஒருத்தி ஏதோ கேலி அனுப்பியபோது, இவள் பதில் எழுதாமல் கடைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இனிமே இப்படி அனுப்பாதடி, மாமியார் படிக்கிறாங்க" என்றாள். அவ்வளவு வாயாடியின் கைப்பேசி ஊமையாகிப் போனது.

பிறகு அந்த அம்மாவே கூப்பிட்டார். கோகிலா கைகளில் பசை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். எனவே நானும் கேட்டேன். அந்த அம்மாவின் குரலில் கோபமே இல்லை. குழப்பமும் கொஞ்சம் பயமும்தான் இருந்தன. "நானும் தெனம் பாக்கிறேம்மா. ஒண்ணுமே இல்ல. இந்தக் காலத்துப் பொண்ணு போன்ல ஒண்ணுமே இல்லாம இருக்குமா? அந்தக் கடையில வேலை செய்யிற உனக்கு அழிக்கத் தெரியாதா? எனக்கு நெஞ்சு ஒப்பலம்மா, வேணாம்" என்றார். வைத்துவிட்டார். சரவணன் அன்று மாலை, அம்மா மனம் மாறும், கொஞ்சம் பொறுத்திரு என்று ஒரு செய்தி அனுப்பினான். அதையும் அந்த அம்மா பெண்டாங்கில் படித்திருப்பார். அதற்குப் பிறகு அவனுக்குக் கோளாறு எதுவும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, அவனுக்குச் சொந்தத்திலேயே பெண் பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அன்றைக்குத் தாய்மாமாவிடம் கணினியைத் திறந்து காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெங்காயத்தையும் பேட்டரியையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பரிசத்துக்கு நாள் குறித்திருப்பாரா? இல்லை, அன்றே 'அழித்துவிட்டாள்' என்றிருப்பாரா? திறந்திருந்தால் கல்யாணம் நடந்து, அதே கண்கள் அவளோடு புகுந்த வீடு வரைக்கும் போயிருக்குமா? வண்டியில் போகும்போதும் இதுதான், சாப்பிடும்போதும் இதுதான். நான் செய்தது சரி என்று நினைக்கிறேன். அதில் ஓர் ஆறுதலும் இல்லை. மனைவியிடம் கேட்டால், சரியானதைச் செய்தீர்கள், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்கிறாள். கோகிலா தன் கைப்பேசியிலிருந்து அந்த மென்பொருளை எடுத்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். எடுத்து முடித்து, திரையைத் துணியால் துடைத்து, முகம் பார்ப்பது போல ஒரு முறை பார்த்தாள். "அடுத்து எவனாச்சும் பொண்ணு பாக்க வந்தா, போன்ல நாலு கெட்ட பேச்சு நானே எழுதி வைக்கணும்ணே. கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் சுத்தம்னு நம்புவாங்க போல."

இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: உண்மையைத் தெரிந்துகொள்ள என் கடைக்கு யாரும் வருவதில்லை, வீட்டிலேயே முடிவு கட்டிவிட்ட ஒன்றுக்கு ரசீது வாங்கத்தான் வருகிறார்கள்.